வீசியெறிந்த கேனில் கை கழுவும் குழாய்: மலையகத் தோட்டங்களுக்கான முழுமையான வழிகாட்டி

இலங்கையின் மலையகத்தில் மழைக்குக் குறைவில்லை. ஊற்றும் ஓடையும், ஊற்றுநீர் வந்து விழும் பீலியும் இல்லாத தேயிலைத் தோட்டம் அரிது. ஆனாலும் கக்கூசை விட்டு வெளியே வருகிற பிள்ளை கை கழுவ வேண்டுமென்றால், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தின் தொங்கலிலோ அதற்கும் கீழே பள்ளத்திலோ இருக்கிற பீலிவரை நடக்க வேண்டியிருக்கிறது. மலையில் கொழுந்து பறிக்கும் அம்மா சாப்பாட்டு நேரத்தில் கை கழுவ வேண்டுமென்றால், குடிப்பதற்குக் கொண்டுபோன தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். பிள்ளை அவ்வளவு தூரம் நடக்காது. அம்மா குடிதண்ணீரை வீணாக்க மாட்டார். சளிக்காய்ச்சலும் வயிற்றோட்டமும் செங்கமாரி எனும் மஞ்சட்காமாலையும் ஒரு குடும்பம் குடியிருக்கும் காம்பராவிலிருந்து அடுத்த காம்பராவுக்குப் போக இது போதும்.

அதே லயத்துக்குப் பின்னால் கழிவுநீர் ஓடும் கானில் தேங்காயெண்ணெய்க் கேனும் சோடாப் போத்தலும் வெங்காயம் வந்த வலைப்பையும் அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. அவற்றைக் கொண்டு, கையால் தொடாமல் காலால் மிதித்தால் தண்ணீர் வருகிற ஒரு குழாயை அரை நாளில் செய்துவிடலாம். 1980களில் ஆப்பிரிக்காவின் சிம்பாப்வேயில் உருவான முறை இது. இன்று குழாய்நீர் எட்டாத கிராமங்கள் பல நாடுகளில் இதைப் பயன்படுத்துகின்றன. நம் மண்ணுக்கும் மழைக்கும் லய அமைப்புக்கும் ஏற்றபடி அதை எப்படிச் செய்வது, செய்தபின் எப்படிக் காப்பாற்றுவது என்று இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

கை கழுவினால் வைரசுக்கு என்ன ஆகிறது

இதைச் சுருக்கமாகவேனும் புரிந்துகொண்டால்தான் கீழே வரும் படிகளில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று உங்களுக்கே தெரியும்.

கொரோனா வைரசும் சாதாரண காய்ச்சலைத் தரும் இன்புளூவென்சா வைரசும் கொழுப்பாலான மெல்லிய உறையால் மூடப்பட்டவை. சவர்க்காரம் அந்தக் கொழுப்பைக் கரைக்கும்போது வைரஸ் உடைந்துபோகிறது. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தரும் ரோட்டா வைரசுக்கும் செங்கமாரியைத் தரும் ஹெபடைடிஸ் ஏ வைரசுக்கும் அந்த உறை கிடையாது. சவர்க்காரத்தால் அவற்றை எளிதில் உடைக்க முடியாது. ஆனால் நுரை அவற்றைத் தோலிலிருந்து பிரித்து எடுக்கும், ஓடுகிற தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். அதனால்தான் ஒரு பேசினில் தேங்கிய தண்ணீரில் எல்லோரும் கை நனைப்பது பயன் தராது. தண்ணீர் மேலிருந்து விழுந்து கீழே ஓட வேண்டும். நாம் செய்யப்போகும் குழாயின் வேலை அதுதான்.

2007இல் கம்பளைப் பகுதியில் ஹெபடைடிஸ் ஏ பெருமளவில் பரவியது பலருக்கு நினைவிருக்கும். 2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்கு போடப்பட்டபோது தோட்ட வேலை தொடர்ந்து நடந்ததும் நினைவிருக்கும். வீட்டிலேயே இருந்துகொள்ள முடியாதவர்களுக்கு, ஒரு காம்பராவில் மூன்று தலைமுறை படுத்துறங்கும் குடும்பங்களுக்கு, தள்ளி நில்லுங்கள் என்ற அறிவுரை எவ்வளவு உதவியது என்று நமக்குத் தெரியும். கை கழுவுவதை மட்டும் லயத்திலும் செய்யலாம். சவர்க்காரம் போட்டுக் கை கழுவும் பழக்கம் வயிற்றோட்டத்தை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கும், மூச்சுவழி நோய்களை ஐந்தில் ஒரு பங்கு வரையும் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

இந்த இடத்தில் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கொரோனாக் காலத்தில் சோடாப் போத்தலை வெட்டி முகத்துக்கு முன்னால் மாட்டிக்கொள்ளும் மறைப்புகளைப் பலர் செய்தார்கள். உழைப்பு பாராட்டத்தக்கது. ஆனால் அந்த மறைப்பு பக்கங்களில் திறந்தே இருப்பதால் முகக்கவசத்துக்கு ஈடாகாது. வெட்டிய விளிம்பு பிள்ளைகளின் கன்னத்தைக் கீறவும் கூடும். கையில் இருக்கிற கழிவை எதற்குப் பயன்படுத்தலாம் என்று கேட்டால், தண்ணீரைக் கைக்குக் கொண்டுவருவதற்கு என்றே சொல்வேன்.

படி 1: கேனைத் தெரிவு செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் வேறு எதை மறந்தாலும் இந்தப் படியை மறக்கக்கூடாது.

புல்லுக்கு அடிக்கும் மருந்து, பூச்சிமருந்து, இலைக்கு அடிக்கும் உரத் திரவம் வந்த கேன்கள் வேண்டவே வேண்டாம். தோட்டத்தில் பார்வைக்கு மிக உறுதியானவையும் வாய் அகன்றவையும் கைபிடி நன்றாக அமைந்தவையும் அவைதான். எனவே கை அவற்றுக்குத்தான் போகும். எத்தனை தடவை கழுவினாலும் பிளாஸ்டிக்கின் சுவரில் ஊறிய மருந்து முழுதாக வெளியேறாது. நாளாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கலந்துகொண்டே இருக்கும். அதில் கழுவிய கையால் பிள்ளைக்குச் சோறு பிசைந்து கொடுப்போம். மருந்துக் கேன்களை மூன்று தடவை அலசி, யாரும் திரும்பப் பயன்படுத்த முடியாதபடி அடியில் ஓட்டை போட்டு, தோட்ட நிர்வாகத்திடம் திருப்பிக் கொடுப்பதே முறை. உங்கள் தோட்டத்தில் அப்படி நடக்கவில்லை என்றால் தலைவரிடம் சொல்லிக் கேட்க வேண்டிய விடயம் அது.

மண்ணெண்ணெய், தின்னர், பற்றரி அமிலம் வந்த கேன்களும் கூடாது. லேபிள் கிழிந்துபோய், எதிலிருந்து வந்தது என்று தெரியாத கேனையும் எடுக்காதீர்கள். மணந்து பார்த்து முடிவு செய்ய வேண்டாம், மணமில்லாத மருந்துகளும் உண்டு.

எடுக்கக்கூடியவை: சமையல் எண்ணெய் வந்த 5 லீட்டர் கேன், குடிநீர் விற்கும் 5 லீட்டர் கேன், பாத்திரம் கழுவும் திரவம் அல்லது வினாகிரி வந்த கேன். கைபிடி கட்டாயம் வேண்டும், அதில்தான் கேன் தொங்கப்போகிறது. அடிப்பக்கத்தில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 2 என்று இருந்தால் மிக நல்லது. அது தடித்த பொலிஎதிலீன், சூடான ஆணி பட்டாலும் வெடிக்காது. 5 என்றாலும் சரி. 1 என்றிருப்பது சோடாப் போத்தலின் பிளாஸ்டிக். அதுவும் ஆகும், ஆனால் மெல்லியது, வெயிலிலும் அடிபட்டும் சீக்கிரம் விரிசல் விடும்.

படி 2: சுத்தம் செய்யுங்கள்

குப்பைமேட்டிலிருந்து எடுத்ததானால் கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள். உறை இல்லையென்றால் ஷொப்பிங் பேக்கை இரண்டு மடிப்பாகக் கையில் கட்டிக்கொண்டாலும் போதும். உடைந்த கண்ணாடியும் எலி மூத்திரமும் அங்கே உண்டு. காலில் கையில் காயம் இருப்பவர் இந்த வேலைக்குப் போகவே வேண்டாம். எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றுகிறது.

எண்ணெய்க் கேனுக்குள் ஒரு கைப்பிடி பொடிக்கல், கொஞ்சம் சாம்பல், கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், சிறிது சவர்க்காரத் தூள் போட்டு மூடி நன்றாகக் குலுக்குங்கள். பிரஷ் எட்டாத மூலைகளைப் பொடிக்கல் தேய்த்துவிடும். கொதிநீர் ஊற்றினால் மெல்லிய கேன் சுருங்கி வடிவம் கெட்டுவிடும். எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை இரண்டு மூன்று தடவை செய்து, மூடியைத் திறந்து வெயிலில் காயவிடுங்கள். பிறர் வாய் வைத்துக் குடித்த போத்தல்களை எடுத்திருந்தால் கழுவிய பிறகும் மூன்று நாள் ஒதுக்கி வைப்பது நல்லது. 2020இல் நடந்த ஆய்வுகூடச் சோதனை ஒன்றில் கொரோனா வைரஸ் பிளாஸ்டிக்கின் மேல் 72 மணித்தியாலம் வரை உயிர்ப்புடன் இருந்தது.

படி 3: இடத்தைத் தீர்மானியுங்கள்

எங்கே தண்ணீர் வசதி இருக்கிறதோ அங்கே குழாயை வைக்கத் தோன்றும். அப்படி வைத்தால் யாரும் பயன்படுத்த மாட்டார்கள், ஏனென்றால் பீலி ஏற்கெனவே அங்கே இருக்கிறது. கை அழுக்காகும் இடத்துக்கும் அந்தக் கை வாய்க்குப் போகும் இடத்துக்கும் நடுவில் வையுங்கள்.

முதல் இடம் கக்கூஸ் வாசல். கதவைத் திறந்து வெளியே வந்ததும் கண்ணில் பட வேண்டும், பத்து அடிக்கு மேல் தள்ளிப்போகக் கூடாது. இரண்டாவது பிள்ளை மடுவம். காலையில் பிள்ளையை விட்டுப்போகும் தாயும் மாலையில் கொழுந்துக் கையோடு வந்து பிள்ளையைத் தூக்கும் தாயும் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும் என்ற மாதிரி அமையுங்கள். மூன்றாவது, கொழுந்து நிறுக்கிற மடுவம். தேர்த் திருவிழாவுக்கும் எழவு வீட்டுக்கும் கழற்றிக் கொண்டுபோகக்கூடிய ஒன்றைத் தனியாகச் செய்து வைத்தால் இன்னும் நல்லது.

ஊற்றுக்கும் பீலிக்கும் மேற்பக்கச் சரிவில் அமைக்கக் கூடாது. சவர்க்காரத் தண்ணீர் மண்ணில் இறங்கிக் குடிநீரில் கலக்கும். வெட்டிய மண்திட்டின் விளிம்பிலும் குழி தோண்டாதீர்கள். மழைக்காலத்தில் நம் சரிவுகள் எப்படி இறங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

படி 4: கம்புகளை நடுங்கள்

தேவையானவை: கவையுள்ள இரண்டு கம்புகள், ஆறடி நீளம். குறுக்கே போட ஒரு மூன்றடிக் கம்பு. மிதிக்க இன்னொரு மூன்றடிக் கம்பு. குறுக்குக் கம்புக்கு உடைந்த பிவிசி குழாய்த் துண்டு கிடைத்தால் மரத்தைவிட நல்லது. மழையில் உக்காது, கேனின் கைபிடி அதில் தடையில்லாமல் உருளும்.

இரண்டடி இடைவெளியில் ஒன்றரை அடி ஆழத்துக்கு இரண்டு குழி தோண்டி, கம்புகளை நிறுத்தி, சுற்றிலும் கல்லும் மண்ணும் மாறிமாறிப் போட்டு இடியுங்கள். வெறும் மண்ணைப் போட்டு மூடினால் ஒரு மழைக்குக் கம்பு சாயும். குறுக்குக் கம்பு மட்டமாக இருக்கிறதா என்று தூரத்தில் நின்று பாருங்கள். சாய்ந்திருந்தால் கேன் ஒரு பக்கமாக நழுவி மாட்டிக்கொள்ளும்.

எந்த மரம் என்றால், கொய்யாக் கவை உறுதியானது. நான் விரும்புவது முள்ளுமுருங்கை. தேயிலைக்கு நிழலாகவும் தழையாகவும் வளர்க்கும் மரம்தானே, பச்சைக் கம்பை நட்டால் வேர் பிடித்துவிடும். பிடித்துவிட்டால் உக்கிப்போகும் கவலை இல்லை. துளிர்க்கும் கிளைகளை மட்டும் அவ்வப்போது கவ்வாத்து செய்தால் போதும்.

பிள்ளை மடுவத்துக்குச் செய்வதானால் கம்புகள் நான்கரை அடி இருக்கட்டும். மண்ணுக்குள் போனது போக மூன்றடி நிற்கும். நாலு வயதுப் பிள்ளை எம்பாமல் கை நீட்ட அது சரியாக இருக்கும். லயத்து முன்வாசல் இஸ்தோப்பில் உறுதியான உத்தரம் இருந்தால் கம்பே வேண்டாம், இரண்டு கயிற்றில் குறுக்குக் கம்பைத் தொங்கவிடலாம். கூரை பழையதாக இருந்தால் அதை நம்பாதீர்கள்.

படி 5: துளையிடுங்கள்

கேனை நிமிர்த்தி வைத்து, மூடியிலிருந்து ஐந்து அங்குலம் கீழே, கைபிடிக்கு எதிர்ப்பக்கத்தில் பேனையால் குறியிடுங்கள். தண்ணீர் வெளிவரும் துளைகள் அங்கேதான். 2 அல்லது 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஆணியைக் குறட்டில் பிடித்து அடுப்பில் காய்ச்சி, அரை அங்குல இடைவெளியில் இரண்டு துளைகள் போடுங்கள். சூடான பிளாஸ்டிக்கின் புகை மூச்சுக்குக் கெடுதி. வெளியே காற்றோட்டத்தில் நின்று செய்யுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

மூன்றாவதாக ஒரு துளை வேண்டும். பலர் இதை விட்டுவிடுவதால்தான் தண்ணீர் விக்கி விக்கி வருகிறது. கேனின் பின்பக்கத் தோளில், கைபிடிக்கு அருகே ஓர் ஊசித் துளை போடுங்கள். கேன் முன்னால் சாயும்போது அந்தத் துளை மேலே வரும், அதன் வழியாகக் காற்று உள்ளே போகும், தண்ணீர் சீராக விழும்.

பெரிய துளை வைத்தால் தண்ணீர் நிறைய வரும் என்று நினைக்க வேண்டாம். இந்தக் குழாயின் சிறப்பே சிக்கனம்தான். கையை நனைத்து, தேய்த்து, அலச ஒரு சின்னத் தம்ளர் தண்ணீர் போதும். முன்துளைகளுக்குக் கீழே வரை நிரப்பினால் ஏறக்குறைய மூன்றரை லீட்டர் பிடிக்கும். சிக்கனமாக மிதித்தால் இருபது பேர்வரை கை கழுவலாம்.

படி 6: தொங்கவிட்டு மிதிகட்டையைக் கட்டுங்கள்

குறுக்குக் கம்பைக் கைபிடிக்குள் நுழைத்துக் கவைகளின் மேல் வையுங்கள். கம்பு உருளாமல் இரண்டு முனையையும் கவையோடு கட்டிவிடுங்கள். கேனின் கழுத்தில், மூடிக்குச் சற்றுக் கீழே நைலோன் கயிற்றைக் கட்டி, மறுமுனையை மிதிகட்டையின் ஒரு நுனியில் கட்டுங்கள். மிதிகட்டையின் மற்ற நுனி தரையில் கிடக்க வேண்டும், கயிறு கட்டிய நுனி தரைக்கு மேல் அரையடி உயரத்தில் தொங்க வேண்டும். உரச்சாக்கைப் பிரித்தெடுத்த நார் மழைக்கும் வெயிலுக்கும் இற்றுப்போகும். துணி காயப்போடும் கயிறு நெடுநாள் வரும்.

இப்போது தண்ணீர் ஊற்றி மிதித்துப் பாருங்கள். மிதித்தால் கேன் முன்னால் சாய்ந்து தண்ணீர் விழ வேண்டும், காலை எடுத்ததும் தானாக நிமிர வேண்டும். நிமிராவிட்டால் கயிறு குட்டையாக இருக்கிறது அல்லது மிதிகட்டை கனமாக இருக்கிறது. மிதிக்காமலே சொட்டினால் தண்ணீர் துளைமட்டத்துக்கு மேல் இருக்கிறது. கொஞ்சம் குறைத்துவிட்டு, அந்த மட்டத்தில் கேனின் வெளிப்பக்கம் கோடு போட்டுவிடுங்கள். நிரப்புகிறவர்களுக்கு அந்தக் கோடுதான் அளவு.

கேனில் பெரிதாக ஒரு எச்சரிக்கையும் எழுதுங்கள்: கை கழுவ மட்டும், குடிக்க வேண்டாம்.

படி 7: சவர்க்காரம்

தண்ணீரை மட்டும் வைத்துவிட்டுச் சவர்க்காரத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டால் அது வராமலே போய்விடும். இரண்டும் ஒரே நாளில் தொங்க வேண்டும்.

கட்டிச் சவர்க்காரத்தை வெங்காயம் வந்த வலைப்பையில் போட்டு, குறுக்குக் கம்பில் கட்டித் தொங்கவிடுங்கள். வலையோடு சேர்த்துத் தேய்த்தால் நுரை நன்றாக வரும், சவர்க்காரம் கீழே விழுந்து மண் ஒட்டாது, காகம் தூக்கிக்கொண்டும் போகாது. தென்மேற்குப் பருவமழையில் ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் திறந்த வெளியில் வைத்த கட்டி இரண்டே நாளில் கரைந்துவிடும். அதற்கும் கழிவுப் பிளாஸ்டிக்கே குடை. ஒன்றரை லீட்டர் சோடாப் போத்தலின் அடிப்பாதியை வெட்டிக் கவிழ்த்து, நடுவில் துளையிட்டு, வலைப்பை தொங்கும் கயிற்றில் கோத்து, கீழே நழுவாமல் ஒரு முடிச்சுப் போடுங்கள். வெட்டிய விளிம்பைக் காய்ச்சிய கரண்டியில் ஒற்றி மழுங்கச் செய்யுங்கள்.

பொது இடத்தில் கட்டிச் சவர்க்காரம் காணாமல் போகும் என்ற பயம் நியாயமானது. அதற்குப் பங்களாதேஷில் சோதித்துப் பார்த்த ஒரு வழி இருக்கிறது. ஒன்றரை லீட்டர் தண்ணீரில் 30 கிராம் துணி கழுவும் தூளைக் கரைத்து, மூடியில் ஆணியால் துளை போட்ட சோடாப் போத்தலில் வைப்பது. 30 கிராம் என்பது மட்டமாக மூன்று மேசைக்கரண்டி. ஒரு பீச்சு போதும், நுரை வரும். செலவும் கட்டியைவிடக் குறைவு, யாரும் எடுத்துக்கொண்டு போகவும் மாட்டார்கள். போத்தல் சோடா மாதிரி இருப்பதுதான் ஆபத்து. லேபிளை முழுதாகக் கிழித்துவிட்டு, சிவப்புத் துணி சுற்றி, கம்போடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். எழுத்துத் தெரியாத பிள்ளைக்குச் சிவப்பு என்றால் குடிக்கக் கூடாது என்று ஆயம்மா சொல்லிப் பழக்கட்டும்.

படி 8: விழும் தண்ணீருக்கு வழி

கேனுக்கு நேர் கீழே இரண்டடிச் சதுரத்தில் ஓரடி ஆழம் தோண்டி, அடியில் பெரிய கல், மேலே சரளைக்கல் போட்டு நிரப்புங்கள். சேறு மிதிபட்டால் மறுநாள் யாரும் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். களிமண் நிலமானால் அந்தக் குழியிலிருந்து ஒரு சிறு வாய்க்கால் வெட்டி வாழை மூட்டுக்கு விட்டுவிடலாம். எந்த வகையிலும் தண்ணீர் தேங்கக் கூடாது. காரணம் கீழே சொல்கிறேன்.

மலைக்குக் கொண்டுபோகும் போத்தல்

தோட்டத்தில் மிகவும் கவனிக்கப்படாத கை கழுவல் சாப்பாட்டு நேரக் கை கழுவல்தான். காலையிலிருந்து கொழுந்தும் மண்ணும் சில நாட்களில் மருந்தும் பட்ட கை, ரொட்டியைப் பிய்க்கிறது. இடுப்பில் கட்டிய படங்கில் துடைத்துக்கொண்டால் கை சுத்தமாகாது.

ஒரு லீட்டர் சோடாப் போத்தலின் மூடியில் சின்ன ஆணியால் நாலைந்து துளை போடுங்கள். இதில் கை கழுவும் தண்ணீர். மருந்துக் குப்பி அளவுள்ள இன்னொரு சின்னப் போத்தலில் மேலே சொன்ன சவர்க்காரக் கரைசல். இரண்டையும் ஒரு கயிற்றில் கட்டினால் கூடைக்குப் பக்கத்தில் தொங்கும். ஒருவர் போத்தலை அமுக்கிப் பீச்ச, மற்றவர் கழுவலாம். ஒரு குழுவுக்கு இரண்டு போத்தல் போதும், ஆளுக்கு ஒன்று சுமக்கத் தேவையில்லை. கங்காணியோ நிறுவையில் நிற்பவரோ இதைப் பொறுப்பெடுத்துக்கொண்ட குழுக்களில் பழக்கம் நிலைத்திருக்கிறது.

காய்ச்சல்காரர் இருக்கும் காம்பராவுக்கு

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் தனியறை எங்கே? காற்று வர யன்னலைத் திறந்து வையுங்கள், அவருக்குத் தனித் தம்ளரும் தட்டும் கொடுங்கள். வாசலருகில் இந்தப் போத்தலையும் வையுங்கள்.

ஒன்றரை லீட்டர் சோடாப் போத்தலின் அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே, பக்கவாட்டில் ஆணித் துளை ஒன்று போட்டு, விரலால் பொத்திக்கொண்டு நீர் நிரப்பி மூடியை இறுக்குங்கள். விரலை எடுத்தாலும் தண்ணீர் வராது, காற்று உள்ளே போக வழியில்லை. மூடியைச் சற்றுத் தளர்த்தினால் மெல்லிய நீர்க்கோடு விழும், இறுக்கினால் நிற்கும். கீழே ஒரு வாளி வைத்துவிட்டால் நடு இரவில் பீலிக்கு ஓடாமல், நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர் கை கழுவலாம். மூடியை அழுக்குக் கையால் தொடுவது இதன் குறை. ஆகவே கை கழுவும்போது மூடியிலும் நுரை தடவி அலசிய பிறகு இறுக்குங்கள்.

இருபது வினாடி

சவர்க்காரம் போட்டு இருபது வினாடி தேய்க்க வேண்டும். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, பெருவிரல், நகக்கண். கொழுந்துக் கறை படிந்த நகக்கண்ணைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பச்சைத் தண்ணீர் போதும், வைரசை அகற்றச் சுடுதண்ணீர் தேவையில்லை. ஆனால் தையில் நுவரெலியாப் பக்கத்தில் விடிகாலைத் தண்ணீரைத் தொடப் பிள்ளைகள் பயப்படுவார்கள், அது உண்மை. கேனைக் கிழக்கு வெயில் விழும் பக்கம் வைத்து, கறுப்புப் பொலித்தீன் சுற்றிவிட்டால் எட்டு மணிக்கெல்லாம் குளிர் சற்று விடும். கழுவிய கையைச் சேலைத் தலைப்பில் துடைக்காமல் காற்றில் உதறிக் காயவிடுங்கள்.

யார் நிரப்புவது

இப்படிப்பட்ட குழாய்கள் பெரும்பாலும் உடைந்து கெடுவதில்லை. தண்ணீர் இல்லாமல் காய்ந்துதான் கெடுகின்றன. ஏதாவது ஒரு திட்டத்தில் வந்து கட்டிக் கொடுத்துப் படம் எடுத்துப் போன பிறகு, இரண்டாம் வாரத்தில் கேன் வெறுமையாகத் தொங்கும். ஆகவே முதல் குழியைத் தோண்டுவதற்கு முன்னாலேயே லயத்தார் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டிய கேள்வி இது.

முறை வைத்துக்கொள்வதே சிறந்தது. பன்னிரண்டு காம்பரா லயமென்றால் நாளுக்கு ஒரு காம்பரா. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு தடவை, மாலையில் வேலை விட்டு வந்ததும் ஒரு தடவை. எந்தக் காம்பராவின் முறை என்று தெரிய, சவர்க்காரப் போத்தலில் சுற்றிய சிவப்புத் துணி மாதிரி ஒரு துண்டை அந்த வாசலில் கட்டி, மறுநாள் அடுத்த வாசலுக்கு மாற்றிவிடுங்கள். சவர்க்காரத் தூளுக்கு மாதம் ஒரு சிறு தொகை, கோயில் கணக்கு வைத்திருப்பவரிடமே இருக்கட்டும்.

இன்னொன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். முறை வைத்தாலும் தண்ணீர் தூக்குவது பெண்கள் தலையிலும் பெண்பிள்ளைகள் தலையிலும்தான் விழும். நாள் முழுக்க மலையேறி இறங்கிய முதுகு அது. ஆண்களும் பெரிய பையன்களும் நிரப்பும் நாட்களை முன்கூட்டியே பிரித்து வையுங்கள். இளைஞர் கழகம் உள்ள தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமைக் கழுவலை அவர்களிடம் ஒப்படைக்கலாம்.

நுளம்பு

ஒரு வைரசைத் தடுக்கப்போய் இன்னொன்றை வளர்த்துவிடக் கூடாது. 2017இல் இலங்கையில் ஒரு லட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு டெங்கு கண்டது, கண்டி மாவட்டமும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. நுவரெலியாவின் குளிரில் டெங்கு குறைவு. கம்பளை, மாத்தளை, பதுளை போன்ற சற்றுச் சூடான பக்கங்களில் அந்த ஆறுதல் கிடையாது.

டெங்கு நுளம்பு தேங்கிய தெளிந்த நீரின் ஓரச் சுவரில் முட்டையிடுகிறது. முட்டை, குடம்பி, கூட்டுப்புழு என்று வளர்ந்து நுளம்பாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் எடுக்கும். ஆகவே வாரம் ஒரு நாள் கேனை முழுதாகக் காலி செய்து, பொடிக்கல் போட்டுக் குலுக்கி, உள்சுவரைக் கழுவுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். கேன் எப்போதும் மூடியோடு இருக்கட்டும். சவர்க்காரக் குடையாக வெட்டிய போத்தலின் மேல்பாதி, பயன்படாத மூடிகள், துளை தவறிய கேன்கள் எல்லாவற்றையும் அன்றே கூட்டி எடுங்கள். மழை நீர் ஒரு மூடிக்குள் தேங்கினாலும் நுளம்புக்கு அது போதும்.

கேன் பழசானால்

மலைவெயில் பிளாஸ்டிக்கை மெல்ல மெல்ல உடையவைக்கும். கேனின் மேற்பக்கம் வெளுத்து, விரலால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டினால், அல்லது கைபிடியில் மயிரிழை விரிசல் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். நொறுங்கும்வரை வைத்திருந்தால் துண்டு துண்டாக மண்ணில் கலந்துவிடும்.

அடுப்பில் போட வேண்டாம். மழை நாளில் ஈர மிலாறு விறகு பற்றாதபோது ஷொப்பிங் பேக்கைக் கொளுத்திப் பற்றவைக்கிற பழக்கம் லயங்களில் உண்டு. அந்தப் புகை இருக்கும் அதே காம்பராவில்தான் கைக்குழந்தையும் இருக்கிறது. குறிப்பாகப் பிவிசி எரிந்தால் டயொக்சின் என்ற நஞ்சு வரும். கானிலும் வீச வேண்டாம். மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. அங்கே வீசியது கொழும்பு மக்கள் குடிக்கிற நீருக்குப் போகிறது.

1, 2 என்ற எண் உள்ளவற்றைப் பழைய பொருள் வாங்குபவர்கள் எடுப்பார்கள். அலசி, மூடியைத் தனியாக்கி, காலால் மிதித்துத் தட்டையாக்கினால் ஒரு உரச்சாக்கில் நிறையக் கொள்ளும். சாக்கு நிறையும்வரை மழை படாத இடத்தில் வைத்து, நகரசபையோ பிரதேசசபையோ குப்பை எடுக்கும் நாளில் டவுனுக்குப் போகும் லொறியில் ஏற்றிவிடலாம். கொடுப்பதற்கு முன் பழைய கேனைப் புதுக் கேனின் பக்கத்தில் நிறுத்தி, துளைகளின் உயரத்தையும் நீர்மட்டக் கோட்டையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். கயிற்றின் நீளத்தையும் மிதிகட்டையையும் மாற்ற வேண்டியிருக்காது.